ரீகாக்காரியாக ஆடியவள்

குத்தாயிசி நகரத்து லாரித் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவள் குலிகோ. அச்சு, பல்சக்கரம், திருகாணி என்று நாள் முழுக்கப் பென்சிலும் அளவுகோலுமாகக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை தலைநகர் திபிலிசியிலிருந்து விளையாட்டுக் குழுவின் தந்தி ஒன்று வரும். அது வந்துவிட்டால் மேலாளர் மறுபேச்சு இல்லாமல் விடுப்புக் கொடுத்துவிடுவார். "நம்ம சியாலாவுக்காகப் போற. நிம்மதியாப் போயிட்டு வா. லாரியெல்லாம் எங்கேயும் ஓடிப் போயிடாது" என்பார். அந்தத் தொழிற்சாலை லாரிகள் ஓடவே ஓடாது என்று ஜார்ஜியா முழுக்க வழங்கிவந்த கேலியை அவரே சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

சியாலா உலக சாம்பியன். பெண்கள் சதுரங்கப் பட்டத்தை இருபது வயதில் பிடித்தவள் அதற்குப் பிறகு யாரையும் கிட்டவே விடவில்லை. பெண்ணுக்குச் சீரோடு சீராகச் சதுரங்கப் பலகையும் கொடுத்தனுப்புகிற நாடு ஜார்ஜியா. அங்கே அவள் தெருவில் நடந்தால் காய்கறிக்காரி பையில் ஒரு கை பழத்தைத் திணிப்பாள். போலீஸ்காரன் போக்குவரத்தை நிறுத்துவான்.

குலிகோவும் சியாலாவும் சின்ன வயதில் ஒரே மன்றத்தில் ஆடப் பழகியவர்கள். ஒருத்தி உச்சிக்குப் போனாள். இன்னொருத்தி நன்றாக ஆடுவாள், அவ்வளவுதான். குலிகோவுக்கு அதில் மனக்குறை இருந்த காலமும் உண்டு. கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனபின் அது எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. அவளிடம் இருந்தது வேறொரு திறமை. யாருடைய ஆட்டங்களைக் கொடுத்தாலும் அவற்றைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்து, கொஞ்ச நாளில் அந்த ஆளைப் போலவே ஆட ஆரம்பித்துவிடுவாள். சாம்பியனோடு மோதப் போகிறவள் எப்படி ஆடுவாளோ அப்படியே பயிற்சி முகாமில் எதிரே உட்கார்ந்து ஆடுவதுதான் அவள் வேலை. சியாலா அவளை அடித்து நொறுக்கிவிட்டுப் போட்டிக்குப் போவாள். மூன்று முறை அப்படித்தான் நடந்தது.

தந்தி வந்தால் அவள் புருஷன் ஜும்பெருக்குக் கொண்டாட்டம். சாப்பாட்டு மேசையில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "இந்தத் தடவை நீ யாருடி? யாரோட குடித்தனம் நடத்துறோம்னு எனக்கும் தெரிய வேண்டாமா?" என்பான்.

"ரீகாக்காரி. வடக்கே ரீகா நகரம். அஸ்ட்ரான்னு பேரு. இருபது வயசு."

"அடடா, இருபது வயசா! ரொம்ப சந்தோஷம். அவ நல்லா இருக்கட்டும்" என்று ஒரே மூச்சில் கோப்பையைக் காலி செய்தான் ஜும்பெர்.

அந்த அஸ்ட்ராவின் ஆட்டத்தில் ஆர்ப்பாட்டமே கிடையாது. தாக்க மாட்டாள், பயமுறுத்த மாட்டாள். காய்களை நல்ல இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். எதிராளி தானாகத் தவறு செய்யும் வரை மணிக்கணக்கில் காத்திருப்பாள். குலிகோ கோடை முழுவதும் அந்தப் பொறுமையைப் பழகினாள். வீட்டில் பிள்ளைகள் சண்டை போட்டால்கூடச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைக் கண்டு பிள்ளைகளே பயந்து சண்டையை நிறுத்தின.

முகாம் பொர்ஜோமியில். பைன் மரக்காட்டுக்குள் ஓய்வு விடுதி. காலையில் ஊற்றடிக்குப் போய் உப்புக் கரிக்கும் வெதுவெதுப்பான மருந்து நீரைக் குடித்துவிட்டு வந்து பலகைக்கு முன் உட்காருவார்கள். பயிற்சியாளர் ஆர்ச்சில் மட்டும் அந்த நீரைத் தொட மாட்டார். "இது நோயாளிக்கு. நான் திராட்சைச் சாறு குடிச்சு வளர்ந்தவன்" என்பார். சியாலாவின் பத்தொன்பதாவது வயதிலிருந்து கூடவே இருப்பவர் அவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் ஆட்டத்தில் குலிகோ ஜெயித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சியாலாவும் சிரித்தாள். "தொழிற்சாலையில உனக்கு என்னடி சாப்பாடு போடறாங்க?" என்று முதுகில் ஒரு அறை வைத்தாள். அடுத்தது டிரா. அதற்கடுத்ததில் மறுபடியும் குலிகோ ஜெயித்தாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

குலிகோ கவனித்தது தோல்வியை அல்ல, சியாலாவின் கையை. முன்னெல்லாம் சியாலா சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே ஆடுவாள். யோசிப்பது தெரியாது. கை போகும், காய் நகரும், அவ்வளவுதான். இப்போது கை காயின் மேல் போய் நிற்கிறது. திரும்பி மடிக்கு வருகிறது. மறுபடி போகிறது. கடைசியில் வைப்பது நல்ல நகர்த்தல்தான். முதலில் நினைத்த அதே நகர்த்தல்தான். ஆனால் அதற்குள், ஆளுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் பாதி கடிகாரத்தில் கரைந்துபோயிருக்கும். நேரம் போனபின் அவசரத்தில் தவறு வரும். தவறுக்காகத்தானே எதிரே ரீகாக்காரி காத்திருக்கிறாள்.

ஒருநாள் ஊற்றுக்குப் போகும் வழியில் குலிகோ கேட்டே விட்டாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"தெரியல" என்றாள் சியாலா. நடையை நிறுத்தாமல், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள். "நல்ல நகர்த்தல் எதுன்னு எனக்குத் தெரியுது. ஆனா நம்ப முடியல. வீட்டைப் பூட்டிட்டு வந்த பிறகு பூட்டினோமான்னு தோணுது பாரு, அந்த மாதிரி. திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். பூட்டித்தான் இருக்கு. வந்துடறேன். மறுபடியும் தோணுது."

"தூக்கம் வருதா?"

"நல்லா தூங்குறேன். நல்லா சாப்பிடறேன். டாக்டர் பார்த்தாரு. குதிரை மாதிரி இருக்கேன்னாரு." சிரிக்கப் பார்த்தாள். "ஏதாவது வியாதின்னு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, உடம்பில் நோய் இல்லை. அதுதான் குலிகோவைக் கலக்கியது. காரணம் என்று ஒன்று கையில் கிடைத்தால் அதைப் பிடித்து ஏதாவது செய்யலாம். இங்கே பிடிக்க எதுவும் இல்லை.

அந்த வார முடிவில் விளையாட்டுக் குழுவிலிருந்து ஒரு பெரிய மனிதர் காரில் வந்தார். ஆட்டங்களின் முடிவைக் கேட்டார். ஆர்ச்சில் சொன்னதும் முகம் தொங்கிப் போயிற்று. சாப்பிடாமலே கிளம்பிப் போனார். விருந்தைத் தொடாமல் ஒருவர் கிளம்புவது அந்த ஊரில் சாதாரண விஷயமில்லை. சமையல்காரி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆர்ச்சில் குலிகோவை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். தண்ணீரோரம் வரை நடந்தார். பிறகு, "நாளைக்கு நீ தோத்துடு" என்றார்.

"மாஸ்டர்!"

"ரெண்டு ஆட்டம் போதும். அவளுக்குத் தெரியாத மாதிரி. உன்னால முடியும். அவளுக்கு வேண்டியது ஆட்டம் இல்லம்மா, தைரியம்."

"அங்க ரீகாக்காரி தோத்துக் கொடுப்பாளா?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"சியாலாவுக்குத் தெரிஞ்சுடும் மாஸ்டர். தெரிஞ்சா அவ என்னை எப்படிப் பார்ப்பான்னு நினைச்சுப் பாருங்க. தெரியலைன்னா..." குலிகோ நிறுத்தினாள். "அவளுக்கே தெரியாமப் போயிட்டா, அது அதைவிடப் பயமா இருக்கு."

ஆர்ச்சில் ஒரு கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தார். "அப்போ எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

மறுநாளும் குலிகோ ஜெயித்தாள். அதற்கு அடுத்த நாள் காலையில், தொழிற்சாலையில் அவசர வேலை இருப்பதாகவும் அவளை உடனே திருப்பி அனுப்பும்படி கேட்டிருப்பதாகவும் சொன்னார்கள். லாரித் தொழிற்சாலையில் அவசர வேலையா என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அவள் பெட்டியோடு வாசலில் நின்றபோது சியாலா மாடி வராந்தாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே வரவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள். குலிகோவுக்குப் பதிலாக வயதான, நல்ல மனது படைத்த ஒரு ஆட்டக்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். பெண்களிடம் தோற்பது அவருக்குக் கௌரவமான காரியம்.

ஊர் வந்ததும் ஜும்பெர் எதுவும் கேட்கவில்லை. கொத்துமல்லி தூவிய சூடான பீன்ஸ் மசியலும் சோள ரொட்டியும் எடுத்து வைத்தான். அவள் அழுது முடித்ததும், "உண்மையா ஆடினதுக்கா துரத்தினாங்க?" என்றான்.

"ஆமா."

"அப்போ திபிலிசிக்குப் போ. இங்க உட்கார்ந்து ரேடியோ கேட்டு நீயும் சாகாத, எங்களையும் சாகடிக்காத."

போட்டி திபிலிசியில், நாடக அரங்கம் ஒன்றில் நடந்தது. குலிகோ நாத்தனார் வீட்டில் தங்கினாள். உள்ளே போக அனுமதிச் சீட்டு இல்லை. கேட்டால் ஆர்ச்சில் கொடுத்திருப்பார். கேட்க மனம் வரவில்லை. அரங்கத்தின் வெளிச் சுவரில் பெரிய பலகை ஒன்றைத் தொங்கவிட்டு, உள்ளே நடக்கும் ஒவ்வொரு நகர்த்தலையும் நீளக் கழியால் காய்களை மாட்டிக் காட்டினார்கள். கீழே தெரு அடைத்துக் கூட்டம். டாக்சிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்றார்கள். கைக்குழந்தைக்காரிகள், கசாப்புக்கடைக்காரர்கள், கல்லூரிப் பெண்கள் என்று எல்லாருக்கும் அபிப்பிராயம் இருந்தது.

முதல் ஆட்டம் சியாலாவுக்கு. தெருவில் ஆட்டம் பாட்டம். ஆறாவது ஆட்டத்துக்குள் ரீகாக்காரி சமன் செய்துவிட்டாள். அப்புறம் ஒருத்தி ஒரு ஆட்டம் ஜெயித்தால் அடுத்ததை இன்னொருத்தி ஜெயித்தாள். நடுவிலெல்லாம் டிரா. சியாலா எல்லா ஆட்டத்திலும் நேரத்துக்குத் தவித்தாள்.

குலிகோ கூட்டத்தில் நின்றபடி, அடுத்த நகர்த்தல் பலகையில் ஏறுமுன்பே தன்னையறியாமல் முணுமுணுத்தாள். "ராஜாவை ஓரமா நகர்த்துவா... இப்போ குதிரையைப் பின்னாடி எடுப்பா..." கழி உயரும், அவள் சொன்ன காய் அவள் சொன்ன கட்டத்துக்குப் போகும்.

பக்கத்தில் நின்ற தடித்த டாக்சிக்காரன் முதலில் வியந்தான். "பலே! எப்படி அக்கா சொல்றீங்க?" கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகம் மாறியது. "எல்லாம் அந்தப் பொண்ணு ஆடறதையே சொல்றீங்க. நம்மாளு என்ன ஆடுவான்னு ஒரு தடவையாவது சொல்லுங்களேன்."

"அது எனக்குத் தெரியலைப்பா."

"தெரியலையா? நீங்க யாரு பக்கம்?"

"ரீகாவிலேருந்து வந்திருப்பாங்க" என்றாள் பின்னால் ஒருத்தி.

"பேச்சைப் பார்த்தா குத்தாயிசி மாதிரி இருக்கே!"

"குத்தாயிசிக்காரியா? அப்போ சந்தேகமே இல்லை. நம்ம காலை வாரி விடத்தான் வந்திருப்பா" என்று ஒரு கிழவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. குலிகோவும் சிரிக்க முயன்றாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஆனால் மனத்துக்குள் அந்தக் கை நகர்ந்துகொண்டே இருந்தது. தெரிந்ததைச் சொல்லவும் வழியில்லை. சொன்னாலும் பயனில்லை. சியாலாவுக்கு ரீகாக்காரியின் ஆட்டம் தெரியாமலா இருக்கிறது? குலிகோ முகாமில் எல்லாவற்றையும் காட்டித்தானே வந்தாள். தெரியாமல் சியாலா தவிக்கவில்லை. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

கடைசி ஆட்டம் மிச்சம் இருந்தது. இருவரும் சமப் புள்ளியில் நின்றார்கள். அதை டிரா செய்தால் போதும், பட்டம் சியாலாவிடமே இருக்கும்; சமமாக முடிந்தால் பட்டம் பழைய சாம்பியனுக்கே என்பது விதி. அந்த ஆட்டம் அன்று முடியவில்லை. வழக்கப்படி அடுத்த நகர்த்தலைத் தாளில் எழுதி உறையில் வைத்து ஒட்டி, மறுநாள் பிற்பகலுக்கு ஒத்திவைத்தார்கள்.

மறுநாள் காலையில் நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டியவர் ஆர்ச்சில். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். ஒரே மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"உன்னைக் கேட்கிறா" என்றார். "வரலைன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு."

குலிகோ செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஓட்டல் அறையில் சியாலா பலகைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. "உட்காருடி. ரீகாக்காரியா ஆடு" என்றாள். பிறகு காய்களைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நீ போகணும்னுதான் நானும் நினைச்சேன். எதிர்ல உன்னைப் பார்க்கவே முடியல" என்றாள்.

"தெரியும். மாடியில உட்கார்ந்திருந்தியே."

"கோபமா?"

"அப்புறம் கோபப்படுறேன். இப்போ ஆடு."

இருவரிடமும் ஆளுக்கு ஒரு யானைதான் மிச்சம். ரீகாக்காரிக்கு ஒரு சிப்பாய் கூடுதல். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆட்டம் டிராதான். அரை மணியில் அதை இருவருமே கண்டுவிட்டார்கள். யானையைத் தூரத்து ஓரத்துக்குக் கொண்டுபோய், பக்கவாட்டிலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும். எதிராளியின் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. குலிகோ தனக்குத் தெரிந்த ரீகாத் தந்திரங்களையெல்லாம் போட்டுப் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. சியாலா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்தாள். கை நிற்காமல் போயிற்று. இடையில் பழைய பாட்டொன்றை மூக்கால் முனகினாள். சன்னலோரம் நின்ற ஆர்ச்சில் அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு கஷ்டமும் இல்லைடி. யானையை ஓரத்துக்குக் கொண்டு போ. மத்தது தானா நடக்கும்" என்றாள் குலிகோ.

"தெரியும்" என்றாள் சியாலா.

அன்று குலிகோவுக்கு உள்ளேயே, மூன்றாம் வரிசையில் இடம் கொடுத்தார்கள். மேடை கூப்பிடு தூரம்தான். உறையைப் பிரித்தார்கள், கடிகாரத்தை ஓட விட்டார்கள். முந்தைய நாளே நேரத்தை நிறையச் செலவழித்திருந்தாள் சியாலா. ஆனாலும் எஞ்சிய நேரம் தாராளமாகப் போதும். வழி தெரிந்தவளுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம்.

முதல் சில நகர்த்தல்கள் காலையில் ஆடியபடியே போயின. யானையை ஓரத்துக்குக் கொண்டுபோகும் கட்டம் வந்தது. சியாலா கையை நீட்டினாள். விரல்கள் யானையின் தலைக்கு மேல் போய் நின்றன.

பிறகு மடிக்குத் திரும்பின.

குலிகோ முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். 'வை. வைடி' என்று உள்ளே சொன்னாள். சியாலா பலகையை இடமிருந்து வலமாகப் பார்த்தாள், வலமிருந்து இடமாகப் பார்த்தாள். மறுபடி கை போயிற்று, மறுபடி திரும்பியது. எதிரே ரீகாப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்திருந்தாள். அவளுக்கும் டிரா என்று தெரியும் என்பது குலிகோவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் காத்திருந்தாள். அவளுடைய ஆட்டமே அதுதான். ஆயிரம் பேர் இருந்த அரங்கத்தில் இருமல்கூட இல்லை. எழுந்து நின்று ஒரே ஒரு சொல் கத்தினால் போதும், 'யானை' என்று. கத்தினால் அந்த ஆட்டமே செல்லாது, சியாலாவின் மானமும் போய்விடும். குலிகோ எழவில்லை. நகம் நாற்காலித் துணிக்குள் இறங்கியது.

ஆர்ச்சில் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கடிகாரத்தின் சிறு சிவப்புக் கொடி நிமிர்ந்தது, அப்புறம் விழுந்தது. நேரம் முடிந்தது, அதோடு ஆட்டமும் போயிற்று. நடுவர் குனிந்து பார்த்தார். யானை தொடப்படாமல் அதே கட்டத்தில் நின்றது.

ரீகாப் பெண் எழுந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஜெயித்தவள் முகம்போல இல்லை அது. சியாலாதான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள், தோளைத் தட்டினாள், ஏதோ சொன்னாள். தாளில் கையெழுத்துப் போட்டாள். அதையெல்லாம் கை தயங்காமல் செய்தாள்.

பின்வாசல் வழியாக சியாலா, ஆர்ச்சில், குலிகோ மூவரும் வெளியே வந்தபோது அங்கேயும் கூட்டம் இருந்தது. வசை வரும் என்று குலிகோ பயந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வழி விட்டார்கள். அந்த மௌனத்துக்குள் நடப்பதைவிட வசையே மேல் என்று அவளுக்குத் தோன்றியது. அதே தடித்த டாக்சிக்காரன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். குலிகோவை அடையாளம் கண்டு தலையைக் குனிந்துகொண்டான். "எங்க போகணும்மா?" என்றான் சியாலாவிடம்.

"பசிக்குது" என்றாள் சியாலா.

ஆற்றங்கரைக் கடையொன்றில் ஆவி பறக்கும் கறிக் கொழுக்கட்டைகளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சியாலா நன்றாகவே சாப்பிட்டாள். ஆர்ச்சில் கோப்பையைத் தூக்கிவிட்டு, வாழ்த்து எதுவும் வராமல் அப்படியே கீழே வைத்தார்.

"நான் அதைப் பார்த்துட்டேன்டி" என்றாள் சியாலா. "உட்கார்ந்த முதல் நிமிஷமே யானை எங்க போகணும்னு தெரிஞ்சுடுச்சு."

"தெரியும்."

"பின்ன ஏன் வைக்கல?"

குறையாகவோ கோபமாகவோ கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள்போலக் கேட்டாள். அத்தனை பேரைப் போல ஆடத் தெரிந்த குலிகோவுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று நம்பினாள்போல. குலிகோ சியாலாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கை சூடாக, திடமாக, சிறு நடுக்கம்கூட இல்லாமல் இருந்தது.

சியாலா அதற்குப் பிறகு இரண்டு தொடர்களில் ஆடினாள். இரண்டிலும் நேரத்தில்தான் தோற்றாள். பிறகு ஆடுவதை விட்டுவிட்டு அண்ணன் குடும்பத்தோடு கடற்கரைப் பக்கம் பாத்துமிக்குப் போய்விட்டாள். திராட்சைத் தோட்டம் வாங்கினாள், உடம்பு பெருத்தது, நன்றாகவே இருந்தாள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வருஷத்துக்கு ஒருமுறை குலிகோ போய்ச் சில நாள் தங்கிவிட்டு வருவாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள், ஊறுகாய் போடுவார்கள். வீட்டில் பலகை இருந்தது. ஒருமுறை குலிகோ அதை எடுத்துத் தூசி தட்டியபோது சியாலா அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"ஆடலாமா?" என்றாள் குலிகோ.

"யாரா ஆடுவே?"

"நானா ஆடுறேனே."

சியாலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். காய்களை அடுக்கினாள். வெள்ளை அவளுக்கு. கையை நீட்டினாள். குலிகோ பார்க்காமல் இருக்க முயன்று, சன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள். மழை வரும்போல இருந்தது. வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது, முதல் சிப்பாய் இன்னும் நகரவில்லை.